இரைச்சல் என்று எழுதிய டப்பா

வூச், போலந்து
12 ஏப்ரல் 1981

அன்புள்ள ஸ்தெஃபாவுக்கு,

நான்காம் தறிக்கூடத்தில் உன் பக்கத்துத் தறியில் நின்ற ரெகினா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. கடைசி வரை படித்துவிட்டுக் கிழி. நலமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை, வழக்கம் விடாமல் கேட்டுவிட்டேன், பதில் சொல்வது உன் இஷ்டம். விலாசத்தை உன் தங்கை லிட்காவிடம்தான் வாங்கினேன். அவள் சும்மா தரவில்லை. "பத்து வருஷமா எங்க அக்கா இருக்காளா செத்தாளான்னு கேக்காதவங்களுக்கு இப்ப என்ன திடீர்னு அக்கறை?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். வேலை விஷயம் என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மாதத்திலிருந்து கறிக்கும் ரேஷன் கார்டு வந்துவிட்டது. கார்டு கையில் இருக்கிறது, கறி கடையில் இல்லை. காலையில் ஒரு வரிசை, மாலையில் ஒரு வரிசை, நடுவில் மில். எனக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. அதனால் தறியிலிருந்து எடுத்துத் துணி சோதிக்கிற மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். துணி கண்ணுக்கு முன்னால் ஓடும், பழுது தெரிந்தால் நிறுத்திச் சுண்ணக்கட்டியால் குறி போட வேண்டும். மேஸ்திரி ப்ளூதா போன வருஷம் இறந்துபோனார். சவ ஊர்வலத்துக்கு நானும் போனேன், குளிராக இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். எழுபத்தொன்று பிப்ரவரியில் நாம் தறிகளை நிறுத்திய நாள் காலையில் ஒரு சினிமாக் கூட்டம் வந்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். தறிக்கூடத்து இரைச்சல் காதை எப்படிக் கெடுக்கிறது என்று ஒரு பயிற்சிப் படம் எடுக்க வந்தவர்கள். ஒலி பிடிக்கிற ஆள் பெரிய பெட்டியும் கம்பியுமாக வந்து நின்றார். கூடத்தில் ஈ பறந்தால் கேட்கும். "இரைச்சல் எங்கம்மா? நான் எதைப் பிடிக்கிறது?" என்று நம்மைப் பார்த்துக் கேட்டார். மார்த்தாதான், "அது இன்னைக்கு லீவு" என்றாள். அவர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். காமிராக்காரர் போகவில்லை. விரட்டுகிற வரையில் எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் பெயர் லூத்சியான், இப்போது டைரக்டர்.

அன்று எடுத்தது நான்கு டப்பா பிலிம். மூடியில் 'இரைச்சல், பயிற்சிப் படம், மிச்சம்' என்று எழுதி ஸ்டூடியோ அலமாரியில் போட்டுவிட்டாராம். நம் ஊர்ப் பத்திரிகைகள் 'வேலையில் சிறு இடைவெளி' என்று எழுதிக்கொண்டிருந்த காலம் அது. வேலைநிறுத்தம் என்ற வார்த்தைக்கே தடை இருந்தபோது வேலைநிறுத்தப் படத்தை யார் விடுவார்கள்? இரைச்சலைத் தேடி ஒருவரும் வரவில்லை, டப்பாக்கள் பிழைத்தன. போன ஆகஸ்டில் கடற்கரைப் பக்கம் கப்பல் பட்டறைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்த பிறகு காற்று மாறியிருக்கிறது. அவர் டப்பாக்களை இறக்கிப் படமாக்கப் பார்க்கிறார்.

சிக்கல் என்னவென்றால் படத்தில் ஒலி இல்லை. ஆனால் நாம் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறோம். தறி இரைச்சலில் குரல் எடுபடாது என்று உதட்டை மட்டும் அசைத்துப் பேசிய பழக்கம் தறி நின்றும் நிற்கவில்லை, உதட்டால்தான் பேசியிருக்கிறோம். காது கேளாதோர் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியையைக் கூட்டி வந்து காட்டினாராம். அந்த அம்மாள் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "இவங்க பேசறது நம்ம மொழியே இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தறிக்காரிகள் பாதி வார்த்தையை விழுங்கி மீதியைப் புருவத்தால் சொல்வது அவளுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் மில் வாசலுக்கு வந்து நின்றார். மார்த்தா இப்போது நம் மில் சங்கத்துக்குத் தலைவி. "ரெகினாவைக் கூட்டிட்டுப் போங்க. அவளுக்குக் காதுதான் செவிடு, கண்ணு செவிடு இல்ல" என்று என்னை அனுப்பிவிட்டாள்.

செவ்வாய், வியாழன் மதியம் ஸ்டூடியோவுக்குப் போகிறேன். உர்ஷுலா என்று ஒரு பெண் எடிட்டிங் மேசையில் பிலிமை ஓட்டுகிறாள். நம் துணி சோதிக்கிற மேசை மாதிரியேதான், நிறுத்தலாம், பின்னால் இழுக்கலாம். நான் படித்துச் சொல்வதை அவள் எழுதிக்கொள்கிறாள். அவை படத்தின் அடியில் எழுத்தாக வருமாம். கெட்ட வார்த்தைகளை நான் கொஞ்சம் கழுவித்தான் சொல்கிறேன். மேஸ்திரியைப் பற்றி மார்த்தா சொன்னதை அப்படியே எழுதினால் பிலிம் பற்றிக்கொள்ளும்.

மூன்று டப்பா முடிந்தது. நாலாவது ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுத்தம் செய்ய லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது டப்பாவில் நீ வருகிறாய். அலுவலகக் கண்ணாடிக் கதவருகே, பணியாளர் அலுவலகத்து இர்மினாவிடம் பேசுகிறாய். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. முகம் பாதி திரும்பியிருக்கிறது. முன்னால் சொன்னது தெரியவில்லை, கடைசி வார்த்தை மட்டும் தெளிவாகத் தெரிகிறது: "சொல்லிடறேன்."

ஸ்தெஃபா, அந்த வார்த்தையை நான் படித்துச் சொன்ன மறுநாளே மில் முழுக்கப் பரவிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நம் சார்பில் உள்ளே போய்ப் பேச இருந்த ஏழு பேரின் பெயரை நிர்வாகத்துக்குக் கொடுத்தது நீதான் என்று அப்போதே சொன்னவர்கள், இப்போது படமே சாட்சி என்கிறார்கள். யாருக்குமே வெளியே போகச் சீட்டு தராத அன்று உனக்கு மட்டும் தந்தார்கள். நீ குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது என்று சொன்னாய். அடுத்த மாதம் அந்த ஏழு பேரில் இரண்டு பேருக்கு வேலை போயிற்று, ஐந்து பேரைச் சாயப்பட்டறை ஈரத்துக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு நாங்கள் செய்தது உனக்குத் தெரியும். உதட்டால் பேசுகிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், ஆள் ஊமையும் செவிடும் ஆகிவிடுவாள். ஒரு வருஷம் அப்படி வேலை செய்தாய், பிறகு ஊரை விட்டே போனாய். நானும் திருப்பிக்கொண்டவள்தான். பக்கத்துத் தறி என்பதால் மற்றவர்களைவிட அதிகமாகத் திருப்ப வேண்டியிருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் லிட்கா. போன மாதம் சங்கக் கமிட்டிக்கு அவள் பெயரை யாரோ சொன்னார்கள். "அக்கா காட்டிக்கொடுத்தவ, தங்கச்சி கமிட்டியிலயா?" என்று ஒரு குரல் வந்தது. பெயரை அடித்துவிட்டார்கள். படம் வெளியே வந்தால் அந்தப் பேச்சு நிரந்தரமாகிவிடும். அதனால் கேட்கிறேன், அந்தக் கதவருகே "சொல்லிடறேன்" என்பதற்கு முன்னால் என்ன சொன்னாய்? நீ எழுதினால் அதையே போடச் சொல்கிறேன்.

உன் குடும்பத்துக்கு என் வணக்கத்தைச் சொல். சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு.

இப்படிக்கு,
ரெகினா


வூச்
21 ஜூன் 1981

அன்புள்ள ஸ்தெஃபாவுக்கு,

உன் கார்டு வந்தது. 'ஞாபகம் இல்லை. கண்ணில் பட்டதை எழுதிக்கொள்.' அவ்வளவுதான். மேல் பக்கத்தில் உங்கள் ஊர் ஏரியின் படம். ஏரி நன்றாக இருக்கிறது. இதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு நியாயம் இல்லை.

கண்ணில் பட்டதை எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். இதை உட்கார்ந்து எழுத ஆரம்பித்து இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.

நாலாவது டப்பா மே மாதக் கடைசியில் வந்தது. எண்தான் நாலு, எடுத்தது முதலில். கூடத்துக் கடிகாரத்தில் எட்டு ஐம்பது. லூத்சியான் மேற்பார்வை மேடை மேல் ஏறி நின்று கூடம் முழுக்கத் தெரிகிற மாதிரி எடுத்திருக்கிறார். ஒரு கோடியில் மார்த்தா நிற்கிறாள். இந்தக் கோடியில் வெள்ளைப் புள்ளி போட்ட தலைத்துணி கட்டிய ஒருத்தி தறி மேல் ஏறி நிற்கிறாள். மார்த்தா உதட்டால், "உள்ள போய்ப் பேசப் போறது யாரு?" என்று கேட்கிறாள். தலைத்துணிக்காரி பதில் சொல்கிறாள். ஒவ்வொரு பெயராக, நிறுத்தி நிறுத்தி, எட்டத்தில் இருப்பவளுக்குப் புரிகிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து சொல்கிறாள். ஏழு பெயர்.

அந்தத் தலைத்துணி என்னுடையது. சந்தையில் வாங்கியது, நீயும் கூட வந்திருந்தாய்.

மார்த்தாவுக்குப் பின்னால் அலுவலகக் கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் கையில் தேநீர்க் கிளாசோடு இர்மினா. பணியாளர் அலுவலகத்துக்கு மாறிப் போகுமுன் அவள் பன்னிரண்டு வருஷம் தறியில் நின்றவள் என்பதை அன்று நம்மில் ஒருத்தியும் நினைக்கவில்லை. மேஸ்திரிக்குக் கேட்கக்கூடாது என்றுதானே உதட்டால் பேசினோம். சத்தமாகக் கத்தியிருந்தால்கூட அந்தக் கண்ணாடியைத் தாண்டி அவளுக்குக் கேட்டிருக்காது. நான் வாயைத் திறக்கத் திறக்க அவள் உதடும் அசைகிறது, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி. பிறகு கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் காதோரத்திலிருந்து பென்சிலை எடுக்கிறாள்.

எட்டு ஐம்பதுக்கே எழுதி முடித்துவிட்டாள், ஸ்தெஃபா. நீ அந்தக் கதவுக்கு வந்தது பதினொன்று இருபதுக்கு. உன்னிடம் கேட்க அவளுக்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் ஏழு பேர் கெட்டார்கள், எட்டாவது நீ. நான் கெடவில்லை. ஏன் என்றால் அந்த ஏழு பெயரில் என் பெயர் இல்லை. அன்று நான் யாரையும் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை, அது தெரியாமல் நடந்தது. ஆனால் என் பெயரை விட்டது தெரிந்தே செய்தது. பயமாக இருந்தது. தறி மேல் ஏறி நின்று மற்றவர்கள் பெயரைச் சொல்கிற அளவுக்குத்தான் எனக்குத் தைரியம்.

இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது. உர்ஷுலா பிலிமை நிறுத்திவிட்டு, "இந்தப் புள்ளித் துணிக்கார அக்கா என்ன சொல்றாங்க? ரொம்ப நேரமா சொல்றாங்களே" என்று கேட்டாள். அவர்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பத்து வருஷம், பதினைந்து கிலோ. வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தால் உன் மேல் உள்ள பழி அந்த நிமிஷமே போயிருக்கும். லிட்காவின் பெயர் கமிட்டிப் பட்டியலில் மறுபடி ஏறியிருக்கும். நான் சொன்னது இது: "ஒண்ணுமில்லம்மா. கடையில உருளைக்கிழங்கு இல்ல, வெங்காயம் இல்ல, மாவு இல்லன்னு வரிசையா சொல்றா."

உர்ஷுலா எழுதிக்கொண்டாள். லூத்சியானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா உர்ஷுலா, ஊரே கொந்தளிக்குது, இவங்க உருளைக்கிழங்கைப் பத்திப் பேசறாங்க. இதுதான் படம்" என்றார். அந்தக் காட்சியைக் கொண்டுபோய்ப் படத்தின் நடுவில் வைத்தார். எனக்குத் தேநீர் கொடுத்தார்கள், குடித்தேன்.

இர்மினா அந்தக் காட்சியில் இருப்பதை அவர்கள் கவனிக்கவே இல்லை. அவர்கள் கண்ணுக்கு அவள் தேநீர் குடிக்கிற ஒரு பெண்.

ஒரு மாதமாகப் போகிறது. செவ்வாயும் வியாழனும் போய்க்கொண்டிருக்கிறேன், திருத்திச் சொல்லவில்லை. திருத்துகிறேன் என்று சத்தியம் செய்து இந்தக் கடிதத்தை முடிக்கலாம் என்று நினைத்தேன். பொய் மேல் பொய் எதற்கு? திருத்த வேண்டும் என்று தெரிகிறது, வாய் வரவில்லை. அந்த ஒரு வருஷம் உன்னைப் பார்த்தால் முகம் திருப்பியவள் இன்று கண்ணாடியைப் பார்த்தால் திருப்பிக்கொள்கிறேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அதுதான் எனக்கே கேவலமாக இருக்கிறது.

நீ பதில் எழுத வேண்டாம். இதை லிட்காவுக்குக் காட்டலாம் என்று தோன்றினால் அவளுக்கே அனுப்பு, நான் தடுக்கமாட்டேன். உன் மகளுக்கு அன்று காய்ச்சல் இருந்தது. அவள் இப்போது நன்றாக இருக்கட்டும்.

ரெகினா


வூச்
6 டிசம்பர் 1981

அன்புள்ள ஸ்தெஃபாவுக்கு,

என் ஜூன் கடிதத்தை நீ லிட்காவுக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவள் என்னிடம் வந்திருப்பாள். ஏன் அனுப்பவில்லை என்று கேட்க மாட்டேன்.

செப்டம்பரில் லூத்சியானிடம் போய்ச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன், புள்ளித் துணிக்காரி நான்தான், அவை பெயர்கள், கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் எழுதிக்கொண்டாள் என்று. அவர் மேசை மேலிருந்த தாள்கட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அக்கா, வரிகளெல்லாம் சென்சாருக்குப் போயி முத்திரை குத்தி வந்தாச்சு. நாப்பத்து மூணு வரி. ஒரு வரியை மாத்தினா மொத்தப் படமும் திரும்ப அவங்க கைக்குப் போகணும். போனா அலமாரிதான். இன்னொரு பத்து வருஷம்" என்றார். "அதுவுமில்லாம உயிரோட இருக்கறவங்க பேரைத் திரையில எழுதவே விடமாட்டாங்க" என்றார். வாசல் வரை வந்துவிட்டு, "அந்த உருளைக்கிழங்குதான் அக்கா படத்துக்கே உயிர்" என்று சேர்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பொய்யை விற்றவள் நான், அவர் வாங்கிப் படமாக்கியவர்.

படத்தை முதலில் நம் மில் கலையரங்கில் காட்டுவது என்று முடிவானது. நவம்பர் கடைசி சனிக்கிழமை. இருநூறு தறிக்காரிகள், வார்சாவிலிருந்து சில விருந்தாளிகள். நாள் தெரிந்ததும் எனக்குப் போக மனமில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தில் எந்த ஊரில் காட்டினாலும் என் பொய் நிற்கும். இந்த ஒரு அரங்கில் நிற்காது. உடம்பு சரியில்லை என்று படுத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். விளக்கு அணைவதற்கு முன் எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்றும் பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. மூன்றாவது வரிசையில் மார்த்தாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். படமே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவும் கோழைத்தனம்தான்.

படம் ஓட ஆரம்பித்ததும் ஒரு வேடிக்கை. சத்தமே இல்லாத படம், திரையில் வாய்கள் அசைகின்றன, அடியில் எழுத்து வருமுன்பே அரங்கு சிரிக்கிறது. மார்த்தா ப்ளூதாவைப் பற்றிச் சொல்கிற இடத்தில் எழுத்து 'அவர் நல்ல மனிதர் அல்ல' என்று வந்தது. உண்மையில் அவள் சொன்னதைப் படித்துவிட்டுப் பின் வரிசையில் ஒருத்தி நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். "யாருடி இதைக் கழுவிக் காயப்போட்டது?" என்று யாரோ கேட்டார்கள், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வார்சாக்காரர்கள் ஒன்றும் புரியாமல் முழித்தார்கள். பத்து நிமிஷத்தில் ஒருத்தியும் எழுத்தைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் உதட்டில்தான்.

பிறகு மேடையிலிருந்து எடுத்த காட்சி வந்தது. அடியில் 'உருளைக்கிழங்கு இல்லை, வெங்காயம் இல்லை, மாவும் இல்லை'. மேலே என் வாய். வார்சா விருந்தாளி ஒருவர் மட்டும் எழுத்தைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி முதல் பெயரை முணுமுணுத்தாள். இரண்டாவது பெயரை இன்னும் சில பேர். ஏழாவது பெயருக்கு அரங்கே சேர்ந்து சொல்வது மாதிரி இருந்தது. என் காதுக்கே கேட்டது. இர்மினா பென்சில் எடுத்ததும், "ஐயோ, கடிகாரத்தைப் பாரு" என்றாள் ஒருத்தி. பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நீ வந்தாய், பதினொன்று இருபதோடு. அப்போது ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை.

விளக்கு எரிந்ததும் நான் எழுந்து நின்று, "நான்தான். உருளைக்கிழங்கையும் நான்தான் சொன்னேன்" என்றேன். கேட்டிருக்கும். கத்தித்தான் சொன்னேன், செவிட்டுக் குரல்.

இனி எழுதப் போவதைத்தான் உன்னிடம் சொல்லத் தெரியாமல் ஒரு வாரமாகக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என்னை மன்னித்துவிட்டார்கள். அங்கேயே, அப்போதே. மார்த்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "விடு ரெகினா, தெரியாம நடந்தது. நானும்தான் இர்மினா எனக்குப் பின்னாடி நிக்கறதைப் பாக்கல" என்றாள். "பத்து வருஷம் மனசுல வச்சு என்ன பாடு பட்டாளோ பாவம்" என்றாள் இன்னொருத்தி. நான் பத்து வருஷம் எதையும் மனசில் வைத்துப் பாடுபடவில்லை, மே மாதம் வரை எனக்கே தெரியாது என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. கேக் வெட்டினார்கள், எனக்குப் பெரிய துண்டு. திங்கட்கிழமை துணி மேசைக்கு ஆளாளுக்கு வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். சாயப்பட்டறை ஈரத்தில் மூட்டு போன காஸியாகூட வந்து தட்டினாள், கைத்தடியோடு. இர்மினா பென்ஷன் வாங்கிக்கொண்டு டாலியாப்பூ வளர்க்கிறாள், அவளைத் திட்டக்கூட ஒருத்திக்கும் நேரமில்லை.

உனக்கு ஒரு வருஷம் முகத்தைத் திருப்பியவர்கள் எனக்கு ஒரு ஷிப்டுகூடத் திருப்பவில்லை. ஏன் என்று யோசித்தேன். என் மேல் கோபப்பட ஆரம்பித்தால் உனக்குச் செய்ததை ஒவ்வொருத்தியும் எடுத்துப் பார்க்க வேண்டி வரும். அதற்கு யாருக்கும் தெம்பு இல்லை. என்னை மன்னிப்பது சுலபம், அதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. உன் பெயரை ஒருத்தி எடுத்தாள், அதுவும் 'அந்தக் காலத்துல என்னென்னமோ நடந்துபோச்சு' என்பதோடு.

லிட்காவின் பெயரை அந்த வாரமே கமிட்டிக்குச் சொன்னார்கள், கையும் தட்டினார்கள். அவள் எழுந்து, "இப்ப எனக்கு வேண்டாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். வாசலில் அவளைப் பிடித்தேன். அறைவாள் என்று நினைத்தேன், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எங்க அக்காவுக்கு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன் என்று சொன்னேன். "அப்ப மறுபடி எழுதுங்க" என்று சொல்லி டிராமில் ஏறிவிட்டாள்.

மார்த்தா உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். எல்லாம் சரியாகிவிட்டது, கோடைக்கு ஸ்தெஃபாவை வரச் சொல், கூடத்தில் எல்லாரும் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று. சொல்லச் சொன்னதால் சொன்னேன். இது மார்த்தாவின் வார்த்தை, என் வார்த்தை அல்ல. எதுவும் சரியாகவில்லை. நீ வரவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் கிடையாது.

இதோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நடந்ததை நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உர்ஷுலாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். உன் மகளுக்குக் காட்டு. அவளிடம் அம்மாவைப் பற்றி யாராவது எதையாவது சொல்லியிருந்தால் இது பயன்படும்.

உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். பண்டிகை வருகிறது, மேசை நிறைந்திருக்கட்டும்.

ஸ்தெஃபா, எனக்கு ஒரே ஒரு உதவி செய். மன்னிக்க வேண்டாம், அது இங்கேயே தேவைக்கு மேல் கிடைக்கிறது. உட்கார்ந்து, நேரம் எடுத்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் போட்டு, கழுவாமல், என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது.

ரெகினா